2030-இல் எண்ணெய் மிஞ்சுமா, போதாதா? இரண்டு அறிக்கைகள், இரண்டு கணக்குகள்

ஏட்டுச்சுரைக்காய் | 2025 அக்டோபர் 18, காலை 7.40

என் தங்கை மகன் பள்ளி இறுதி ஆண்டில் இருக்கிறான். படித்தால் பெட்ரோலியப் பொறியியல்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அதோடு விட்டானா? "மாமா, நான் பட்டம் வாங்கும்போது 2030 ஆகிவிடும். அப்போது அந்தத் தொழில் இருக்குமா?" என்று கேள்வியை என் தலையில் கட்டிவிட்டான்.

என் புனைபெயருக்கு ஏற்றபடி உட்கார்ந்து படித்தேன். சர்வதேச எரிசக்தி முகமை கடந்த ஜூனில் வெளியிட்ட நடுத்தரக் கால அறிக்கையில், 2030 வாக்கில் உலகத் தேவை நாளொன்றுக்கு 10.55 கோடி பீப்பாய் அளவில் ஏறாமல் நின்றுவிடும் என்கிறார்கள். உற்பத்தித் திறனோ 11.47 கோடிக்குப் போய்விடுமாம். அதாவது மிச்சமோ மிச்சம். அடுத்த மாதமே, எண்ணெய் ஏற்றுமதி செய்யும் நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் தன் அறிக்கையை வெளியிட்டது. அதே 2030-க்கு அவர்கள் சொல்லும் தேவை 11.33 கோடி. வித்தியாசம் 78 லட்சம் பீப்பாய். சவூதி அரேபியா ஒரு நாளில் எடுக்கும் எண்ணெயில் ஏறத்தாழ முக்கால் பங்கு!

இன்னும் ஐந்தே ஆண்டுகளில் வரப்போகும் ஒரு எண்ணைப் பற்றி, இதையே தொழிலாகக் கொண்ட இரண்டு அமைப்புகள் இவ்வளவு தூரம் விலகி நிற்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சந்தேகத்தார் | 2025 அக்டோபர் 18, காலை 8.15

விலகத்தான் செய்வார்கள். ஒபெக் விற்கிறவர்கள் சேர்ந்து 1960-இல் பாக்தாதில் தொடங்கிய சங்கம். எரிசக்தி முகமை 1973 எண்ணெய்த் தடையில் அடிபட்ட வாங்குகிறவர்கள் அடுத்த ஆண்டே தொடங்கிய சங்கம். தராசு முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கடைக்காரரிடமும் வாங்க வந்தவரிடமும் தனித்தனியே கேட்டுப் பாருங்கள்.

இந்தத் துறையின் ஆரூடங்கள் எதுவும் உருப்பட்டதாக எனக்கு நினைவில்லை. 2008 ஜூலையில் ஒரு பீப்பாய் 147 டாலரைத் தொட்டபோது உலகில் எண்ணெயே தீரப்போகிறது என்றார்கள். 2020-இல் பிபி எண்ணெய் நிறுவனம் மூன்று சாத்தியங்களை வரைந்து காட்டியது. அவற்றில் இரண்டில், தேவை கொரோனாவுக்கு முந்தைய அளவுக்குத் திரும்பவே திரும்பாது. மூன்றே ஆண்டுகளில் திரும்பி, தாண்டியும் போய்விட்டது.

மருமகனிடம் பூவா தலையா போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாப்தா | 2025 அக்டோபர் 18, காலை 10.05

சந்தேகத்தார் ஐயா, பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். இந்த 78 லட்சம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போம். நான் சுத்திகரிப்பு ஆலையில் திட்டமிடல் பிரிவில் இருக்கிறேன். எனக்கு இது தினப்படி வேலை.

தொடங்கும் இடத்தில் பெரிய தகராறு இல்லை. 2024-இன் தேவை முகமைக்கு ஏறத்தாழ 10.3 கோடி, ஒபெக்குக்கு 10.37 கோடி. தகராறு முழுவதும் இனி ஏறப்போவதில்தான். ஆறு ஆண்டுகளில் 25 லட்சம்தான் கூடும் என்கிறது முகமை. ஒபெக்கோ ஒரு கோடிக்குச் சற்றுக் குறைவாகச் சொல்கிறது.

முகமை ஏன் அவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்றால் முதல் காரணம் சீனா. பத்து ஆண்டுகளுக்கு மேலாக உலகத் தேவையை இழுத்துச் சென்ற எஞ்சின் அதுதான். இப்போது அங்கே விற்கும் புதிய கார்களில் ஏறக்குறைய பாதி மின்சாரத்தில் ஓடுகிறது. நெடுந்தூரப் பயணத்துக்கு அதிவேக ரயில். டீசல் லாரிகளுக்குப் பதிலாகத் திரவ இயற்கை எரிவாயுவில் ஓடும் லாரிகள். மூன்றும் ஒரே சமயத்தில் நடந்துவிட்டன. 2027-இல் சீனாவின் மொத்த எண்ணெய்த் தேவை உச்சத்தைத் தொட்டுவிடும் என்பது அவர்கள் கணக்கு. உலகம் முழுவதும் 2024-இல் 1.7 கோடி மின்கார்கள் விற்றன. 2030-இல் மின்வாகனங்களால் மிச்சமாகும் எண்ணெய் நாளொன்றுக்கு 54 லட்சம் பீப்பாய் என்று போட்டிருக்கிறார்கள்.

எனக்கு இதில் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. 2030-க்குள் எந்த ஒரு நாட்டின் தேவை மற்ற எல்லா நாடுகளையும் விட அதிகமாகக் குறையும் தெரியுமா? சவூதி அரேபியா! கோடைக்காலத்தில் குளிர்சாதனங்களை ஓட்ட மின் நிலையங்களில் கச்சா எண்ணெயை அப்படியே எரித்துக்கொண்டிருந்தவர்கள், இப்போது எரிவாயுவுக்கும் சூரிய மின்சாரத்துக்கும் மாறுகிறார்கள். எரிக்காமல் மிச்சப்படுத்தியதை ஏற்றுமதி செய்யலாம் அல்லவா.

பின்வரிசை | 2025 அக்டோபர் 18, காலை 10.20

அக்கா, மின்கார் வாங்க அமெரிக்கா கொடுத்துவந்த 7,500 டாலர் வரிச்சலுகை செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதே. அந்தக் கணக்கு?

நாப்தா | 2025 அக்டோபர் 18, காலை 10.48

நல்ல கேள்வி. சலுகை போகும் என்பதை ஜூன் அறிக்கையிலேயே ஊகித்து, அமெரிக்காவில் மின்கார்களின் பங்கை வெட்டிக் குறைத்துவிட்டார்கள். அமெரிக்கத் தேவையை நன்றாகவே கூட்டியும் வைத்திருக்கிறார்கள். அப்படியும் மொத்தம் பெரிதாக அசையவில்லை. ஏனென்றால் இந்தக் கதையின் நாயகன் சீனா.

ஒபெக்கின் வாதத்தையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியா, ஆப்பிரிக்கா, மத்திய கிழக்கு ஆகிய இடங்களில் மக்கள்தொகையும் வருமானமும் ஏறுகின்றன. முதல் கார், முதல் விமானப் பயணம், முதல் எரிவாயு அடுப்பு என்று வாங்கப்போகிறவர்கள் இன்னும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். பணக்கார நாடுகளின் மின்கார் இலக்குகள் வெறும் காகிதம். இதுதான் அவர்கள் கட்சி. முதல் இரண்டில் எனக்கு மறுப்பில்லை. மூன்றாவதில் அவர்கள் சீனாவை ஐரோப்பாவோடு சேர்த்துக் குழப்புகிறார்கள் என்பது என் எண்ணம். சீனர்கள் இலக்குக்காக வாங்கவில்லை, விலை மலிந்ததால் வாங்குகிறார்கள்.

கிணற்றடிக்காரன் | 2025 அக்டோபர் 18, இரவு 9.30

எல்லோரும் தேவையையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எண்ணெய் குழாயில் தானாக வருகிறது என்ற நினைப்பு போலிருக்கிறது.

நான் கடல் நடுவே ஒரு தளத்தில் பதினோரு ஆண்டுகள் உற்பத்திப் பிரிவில் வேலை பார்த்தவன். தினமும் காலையில் ஒவ்வொரு கிணற்றின் குழாயிலிருந்தும் மாதிரி பிடிப்போம். அடி கூம்பிய ஒரு கண்ணாடிக் குழாய்; அதில் நூறு கோடுகள். பிடித்ததைச் சுழற்றும் கருவியில் வைத்துச் சில நிமிடங்கள் சுற்றினால், கருப்பாக எண்ணெய் மேலே நிற்கும், தண்ணீர் அடியில் தெளியும். நான் சேர்ந்த புதிதில் நாலாம் எண் கிணற்றின் மாதிரியில் தண்ணீர் மூன்றாவது கோட்டைத் தொடாது. நான் விட்டு வந்த ஆண்டில் 86-ஆவது கோட்டில் நின்றது. அதே கிணறு, அதே குழாய், வெளியே வரும் திரவமும் ஏறத்தாழ அதே அளவு. ஆனால் நூறில் பதினான்குதான் எண்ணெய். மீதித் தண்ணீரைப் பிரித்து, சுத்தம் செய்து, அழுத்தம் குறையாமலிருக்கத் திரும்பவும் பூமிக்குள் செலுத்துவோம். "நாம் தண்ணீர் வாரியத்தில் வேலை பார்க்கிறோம்" என்று எங்களுக்குள் சொல்லிச் சிரிப்போம்.

உலகம் முழுக்க இதுதான் நடக்கிறது. அதே எரிசக்தி முகமை இந்த செப்டம்பரில் இன்னோர் அறிக்கை கொண்டுவந்தது. ஏட்டுச்சுரைக்காய் அதைப் படிக்கவில்லை போலும். உச்சத்தைக் கடந்த வழக்கமான வயல்களின் உற்பத்தி ஆண்டுக்குச் சராசரி 5.6 சதவீதம் சரிகிறது. மத்திய கிழக்கின் மாபெரும் தரைவயல்களில் 2 சதவீதத்துக்கும் கீழே. ஐரோப்பியக் கடல்வயல்களில் 15-க்கும் மேலே. யாரும் எங்கும் ஒரு காசுகூட முதலீடு செய்யவில்லை என்று வைத்துக்கொண்டால், உலக உற்பத்தி ஆண்டுக்கு 8 சதவீதம், அதாவது நாளொன்றுக்கு 55 லட்சம் பீப்பாய் வீதம் இறங்கும். பிரேசிலும் நார்வேயும் சேர்ந்து எடுப்பதை ஒவ்வோர் ஆண்டும் இழப்பதற்குச் சமம். 2010-இல் இந்தச் சரிவு 40 லட்சத்துக்கும் குறைவாகத்தான் இருந்தது. ஷேல் என்ற இறுகிய பாறையைப் பிளந்து எடுக்கும் எண்ணெயை நம்பி வாழப் பழகியதன் விலை இது. தோண்டுவதை நிறுத்தினால் பன்னிரண்டே மாதங்களில் ஷேல் உற்பத்தியில் 35 சதவீதம் போய்விடும்.

2019-க்குப் பிறகு இத்துறையில் கிணறு தோண்டப் போட்ட பணத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் இந்தச் சரிவை ஈடுகட்டவே போயிருக்கிறது. ஓடும் படிக்கட்டில் எதிர்த்திசையில் ஏறுகிறவன் நிலைமைதான். தேவை ஒரே இடத்தில் நின்றால்கூட நாங்கள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

சந்தேகத்தார் | 2025 அக்டோபர் 18, இரவு 10.02

பாருங்கள், பாருங்கள். ஜூனில் எண்ணெய் வழிகிறது என்றவர்கள், செப்டம்பரில் தோண்டாவிட்டால் வற்றிவிடும் என்கிறார்கள். மூன்று மாதத்தில் ஒரே வீட்டில் இரண்டு நாக்கு.

கிணற்றடிக்காரன் | 2025 அக்டோபர் 18, இரவு 10.25

இரண்டு நாக்கு இல்லை ஐயா, இரண்டு கேள்வி. தோண்டிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பது ஜூன் அறிக்கை. தோண்டாவிட்டால் என்ன ஆகும் என்பது செப்டம்பர் அறிக்கை.

2030 வரையில் வரப்போகும் எண்ணெயில் பெரும்பகுதி ஏற்கெனவே முடிவானது. கயானாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 டிசம்பரில்தான் அங்கே முதல் சொட்டு வந்தது. இந்த ஆகஸ்டில் நாலாவது மிதவைக் கப்பல் உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. நாளொன்றுக்கு 9 லட்சம் பீப்பாய் எடுக்கும் திறன் வந்துவிட்டது. பிரேசிலின் கடலடி உப்புப் படுகைக்குக் கீழே இருக்கும் வயல்கள், அர்ஜென்டினாவின் வாக்கா முயெர்த்தா ஷேல் வயல், கனடாவிலிருந்து 2024 மே மாதம் திறந்த பசிபிக் கரைக் குழாய் எல்லாமே பணம் போட்டாகிவிட்ட காரியங்கள். விலை இறங்கினாலும் கப்பலைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

2030-க்கு அப்பால்தான் எனக்குக் கவலை. ஆய்வு உரிமம் வாங்கிய நாளிலிருந்து எண்ணெய் வெளியே வர, புதிய வயலுக்குச் சராசரி ஏறக்குறைய 20 ஆண்டுகள் பிடிக்கின்றன. 2035-க்கான எண்ணெயைப் பற்றிய முடிவை இந்த 60 டாலர் விலையைப் பார்த்துக்கொண்டு இப்போது எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எடுக்காமலும் இருக்கிறார்கள்.

ஏட்டுச்சுரைக்காய் | 2025 அக்டோபர் 19, காலை 6.55

செப்டம்பர் அறிக்கையைத் தவறவிட்டது என் பிழைதான். இரவெல்லாம் படித்தேன். இப்போது வேறு சந்தேகம். 11.47 கோடி திறன், 10.55 கோடி தேவை. இடையிலுள்ள 92 லட்சத்தை என்ன செய்வார்கள்? கொட்டியா வைப்பார்கள்?

நங்கூரம் | 2025 அக்டோபர் 19, பிற்பகல் 1.10

தம்பி, திறன் என்றால் எடுக்க முடிந்தது. எடுத்தது என்று பொருளில்லை. அதில் பெரும்பங்கு வளைகுடாவில் வேண்டுமென்றே மூடி வைத்திருக்கும் குழாய்கள். சவூதி தன் உச்சத் திறனை 1.2 கோடியிலிருந்து 1.3 கோடிக்கு உயர்த்தப்போவதாகச் சொல்லியிருந்தது. 2024 ஜனவரியில் வேண்டாம் என்று விட்டுவிட்டது. இருப்பதையே முழுதாகப் பயன்படுத்த வழியில்லாதபோது புதிதாகக் கட்டுவார்களா?

நிஜமாகவே கொட்டி வைத்த கதையும் எனக்குத் தெரியும். 2020-இல் நான் இரண்டாம் அதிகாரியாக இருந்த கப்பலில் 20 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய். உலகம் ஒரு நாள் குடிப்பதற்கு இப்படி ஐம்பது கப்பல் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றிவிட்டோம், இறக்க இடமில்லை. கரையில் எல்லாத் தொட்டிகளும் நிறைந்திருந்தன. நங்கூரம் போட்டு நில் என்று உத்தரவு வந்தது. ஏழு வாரங்கள் நின்றோம். இரவில் எண்ணினால் சுற்றிலும் பதினெட்டு கப்பல் விளக்குகள். எல்லாம் எங்களைப் போல வயிறு நிறைந்தவை. ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்குக் கீழே 37.63 டாலருக்குப் போன செய்தியைச் சாப்பாட்டு மேசையில் படித்தோம். "அப்படியானால் நாம் காவல் காப்பதன் மதிப்பு என்ன?" என்று சமையல்காரர் கேட்டார். கப்பல் தலைவர் கணக்குப் போட மறுத்துவிட்டார்.

சொல்ல வந்ததற்கு வருகிறேன். அந்த உபரித் திறன் இருக்கும் இடம் முக்கியம். வளைகுடாவிலிருந்து வெளியே போகும் ஒரே கடல்வாசலான ஹார்முஸ் நீரிணை வழியாக 2024-இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கோடி பீப்பாய் போனது. உலகம் செலவழிப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. சவூதிக்குச் செங்கடல் கரையிலுள்ள யான்புவுக்கு ஒரு குழாய் உண்டு. அமீரகத்துக்கு ஃபுஜைராவுக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்தாலும் பாதிக்குக்கூட ஈடாகாது. அவசரத்துக்கு உதவும் என்று நம்பும் எண்ணெய், அவசரம் வரக்கூடிய அதே வாசலுக்குப் பின்னால்தான் இருக்கிறது. 92 லட்சம் என்ற எண்ணைப் பார்த்து நான் நிம்மதியாகத் தூங்க மாட்டேன்.

சந்தேகத்தார் | 2025 அக்டோபர் 19, பிற்பகல் 1.40

இந்த ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் பன்னிரண்டு நாள் குண்டு போட்டுக்கொண்டார்கள். விலை 80 டாலரை நெருங்கியது. பிறகு? சண்டை ஓய்ந்ததும் 70-க்குக் கீழே வந்து உட்கார்ந்துகொண்டது. வாசல் வாசல் என்று நாற்பது ஆண்டுகளாகப் பயம் காட்டுகிறார்கள்.

நங்கூரம் | 2025 அக்டோபர் 19, பிற்பகல் 2.05

அந்தப் பன்னிரண்டு நாளும் அந்த வழியாகப் போனவர்களைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். திசைகாட்டும் செயற்கைக்கோள் சமிக்ஞையைக் குலைத்துவிட்டார்கள். கருவியில் பார்த்தால் கப்பல் தரைமேல் ஓடுவதாகக் காட்டும்.

பின்வரிசை | 2025 அக்டோபர் 19, பிற்பகல் 2.11

எந்த நாடு சரி, எந்த நாடு தவறு என்று யாராவது தொடங்குவதற்குள் மட்டுறுத்துநரைக் கூப்பிடுகிறேன்.

மட்டுறுத்துநர் | 2025 அக்டோபர் 19, பிற்பகல் 3.00

வந்துவிட்டேன். அப்படித் தொடங்கிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எண்ணெயைப் பேசுங்கள்.

நாப்தா | 2025 அக்டோபர் 19, இரவு 8.20

யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அறிக்கைகளில் "எண்ணெய்" என்று ஒரே சொல்லாக எழுதுவதை நம்பி ஏமாறாதீர்கள். ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன், தாவர எரிபொருள் எல்லாம் அந்த ஒரே மூட்டையில்தான் கட்டப்படுகின்றன. இனி வரும் வளர்ச்சியில் பெரும்பகுதி பெட்ரோலும் இல்லை, டீசலும் இல்லை. பிளாஸ்டிக்குக்கும் செயற்கை இழைக்கும் போகும் மூலப்பொருள். 2030-இல் ஆறு பீப்பாயில் ஒன்று அங்கே போகும் என்கிறது முகமை. இந்த மூலப்பொருளையும் தாவர எரிபொருளையும் கழித்துவிட்டு, எரிப்பதற்கான எண்ணெயை மட்டும் பார்த்தால் உச்சம் 2027-லேயே வந்துவிடலாம்.

வரத்துப் பக்கமும் அப்படியே. சவூதியின் புதிய திறனில் பெரும்பங்கு ஜஃபூரா போன்ற எரிவாயு வயல்களோடு வரும் திரவங்கள். இவற்றில் பெரும்பாலானவை எங்கள் ஆலைக்குள் நுழையவே வேண்டியதில்லை. எரிவாயு நிலையத்தில் பிரித்து, நேராக வேதித் தொழிற்சாலைக்குப் போய்விடும். அதனால் "தேவை ஏறுகிறது" என்று செய்தித்தாள் எழுதும் அதே ஆண்டில், சுத்திகரிப்பு ஆலைகள் மூடப்படுவதை நீங்கள் பார்க்கலாம். எங்கள் கூட்டங்களில் இதுதான் ஓயாத பேச்சு. புதிய அலகு கட்டுவதற்கான கோப்பு மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்திருக்கிறது.

ஒரு பொருள் உபரி என்பதால் எல்லாம் உபரி ஆகிவிடாது. இந்தக் கோடையில் சீனாவுக்கு ஈத்தேன் அனுப்ப உரிமம் வேண்டும் என்று அமெரிக்கா சொன்னபோது, உலகில் கச்சா எண்ணெய் தாராளமாகக் கிடைத்தது. ஆனால் ஈத்தேனை நம்பிக் கட்டிய ஆலைக்காரர்களுக்கு அதனால் என்ன பயன்? சில வாரங்களில் நிபந்தனையை எடுத்துவிட்டார்கள், பிழைத்தார்கள்.

ஏட்டுச்சுரைக்காய் | 2025 அக்டோபர் 19, இரவு 9.05

இதை முதலில் சொல்லியிருக்கக் கூடாதா அக்கா! நான் 10.55 கோடி என்றால் 10.55 கோடி கச்சா எண்ணெய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிணற்றடிக்காரன் | 2025 அக்டோபர் 20, காலை 5.45

நாப்தா சொன்னதோடு ஷேலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1956-இல் ஹப்பர்ட் என்ற புவியியலாளர், அமெரிக்க உற்பத்தி 1970 வாக்கில் உச்சம் தொட்டு இறங்கும் என்றார். அப்படியே நடந்தது. சந்தேகத்தார் ஐயாவின் பட்டியலில் இல்லாத, பலித்த ஆரூடம்! 2008-இல் நாளுக்கு 50 லட்சம் பீப்பாய் வரை தேய்ந்தது. பிறகு ஷேல் பாறையைப் பிளக்கக் கற்றுக்கொண்டார்கள். 2018-இல் 1970-இன் சாதனையைத் தாண்டினார்கள். 2024-இல் 1.32 கோடி. ஹப்பர்ட்டின் கணிதத்தில் பிழையில்லை. பாறையை அப்படிப் பிளக்க முடியும் என்பது அந்தக் கணிதத்தில் இல்லை.

ஆனால் ஷேல் கிணறு எங்கள் நாலாம் எண் கிணறு மாதிரி பதினோரு ஆண்டுகள் தாங்காது. முதல் ஆண்டிலேயே பாதிக்கு மேல் வற்றிவிடும். தோண்டு, தோண்டு, தோண்டிக்கொண்டே இரு. டல்லாஸ் பெடரல் ரிசர்வ் வங்கி இந்த மார்ச்சில் எண்ணெய் நிறுவனங்களைக் கேட்டபோது, புதிய கிணறு லாபமாக இருக்கச் சராசரி 65 டாலர் வேண்டும் என்றார்கள். இப்போது விலை 60-க்கும் கீழே. இதே நேரத்தில் ஒபெக் கூட்டணியின் எட்டு நாடுகள், ஏப்ரல் தொடங்கி செப்டம்பருக்குள் 22 லட்சம் பீப்பாய் உற்பத்தி வெட்டைத் தளர்த்திவிட்டு, அடுத்த வெட்டையும் தளர்த்தத் தொடங்கிவிட்டன. யார் முதலில் நிறுத்துவது என்ற போட்டி இது. ஷேல்காரர்தான் முதலில் நிறுத்துவார் என்பது என் கணிப்பு. கிணறு சீக்கிரம் வற்றுகிறவனுக்குச் சீக்கிரம் நிறுத்துவதும் சுலபம்.

சந்தேகத்தார் | 2025 அக்டோபர் 24, காலை 9.15

நாலு நாளாக அமைதியாக இருந்தேன். முகமையின் அக்டோபர் மாத அறிக்கை அடுத்த ஆண்டு நாளொன்றுக்கு 40 லட்சம் பீப்பாய் உபரி என்றது. எல்லோரும் விலை இறங்கும் என்று கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். 22-ஆம் தேதி ரோஸ்நெஃப்ட், லூக்காயில் என்ற இரண்டு ரஷ்ய நிறுவனங்கள் மீது அமெரிக்கா தடை போட்டது. நேற்று ஒரே நாளில் விலை 5 சதவீதம் ஏறிவிட்டது. உங்கள் உபரி எங்கே போயிற்று?

நங்கூரம் | 2025 அக்டோபர் 24, காலை 11.30

கடலில் இருக்கிறது. தடைபட்ட எண்ணெய் காணாமல் போவதில்லை ஐயா. வாங்குகிறவர் மாறுவார், வழி நீளும், தள்ளுபடி கூடும், பழைய கப்பல்கள் பெயரை அழித்துப் புதுப் பெயர் எழுதிக்கொள்ளும். ஐந்தாண்டுக் கணக்கு ஆற்றின் போக்கைச் சொல்கிறது. நேற்று நடந்தது ஆற்றில் விழுந்த கல்.

சந்தேகத்தார் | 2025 அக்டோபர் 24, காலை 11.41

கல் விழுந்தபோது குளித்துக்கொண்டிருந்தவன் தலையைக் கேளுங்கள்.

ஏட்டுச்சுரைக்காய் | 2025 அக்டோபர் 24, இரவு 8.50

எனக்கு விளங்கியதை எழுதுகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். 2030 வரை வரத்துக்குப் பஞ்சமில்லை, விலைக்கு அழுத்தம். அந்தக் குறைந்த விலையைப் பார்த்தே முதலீட்டை விட்டுவிட்டால் அதற்குப் பின் இறுக்கம். ஒபெக் சொல்லும் தேவை வராவிட்டாலும், அவர்கள் முதலீட்டைப் பற்றிச் சொல்லும் எச்சரிக்கை பொய்யில்லை.

மருமகனிடம் இதைச் சொன்னேன். "அப்படியானால் நான் வேலைக்குப் போகும்போது ஆள் எடுக்க மாட்டார்கள், எனக்கு முப்பது வயதாகும்போது ஆள் கிடைக்காமல் தவிப்பார்கள், அப்படித்தானே மாமா?" என்றான். பதில் தெரியவில்லை.

கிணற்றடிக்காரன் | 2025 அக்டோபர் 24, இரவு 10.15

பையன் கெட்டிக்காரன். 2015-16 விலைச் சரிவில் என் கூட இருந்தவர்களில் மூன்றில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே ஆட்களை இரட்டைச் சம்பளத்துக்குத் தேடினார்கள். பாதிப் பேர் திரும்பி வரவில்லை.

படிக்கட்டும். ஆனால் பட்டத்தின் பெயரைப் பார்க்க வேண்டாம். பூமிக்கடியில் திரவம் எப்படி நகர்கிறது என்ற கணிதத்தை ஆழமாகப் படிக்கச் சொல்லுங்கள். எண்ணெய் எடுக்கவும் அதுதான், கரியமில வாயுவை உள்ளே புதைக்கவும் அதுதான், புவிவெப்ப மின்சாரத்துக்கும் அதுதான். பழைய கிணறுகளை ஒழுங்காக அடைக்கவும் ஆள் வேண்டும். அந்த வேலை இன்னும் தொடங்கவே இல்லை என்று சொல்லலாம்.

பின்வரிசை | 2025 அக்டோபர் 24, இரவு 10.19

நாலாம் எண் கிணறு இப்போது என்ன ஆயிற்று?

கிணற்றடிக்காரன் | 2025 அக்டோபர் 24, இரவு 10.40

ஓடுகிறது. 91-ஆவது கோடு என்று போன மாதம் பழைய நண்பர் எழுதியிருந்தார்.